கன்வல்யூஷனில் ஒரு தொடரைத் திருப்பிப் போடுவது ஏன்?

கேள்வி: மூன்றாமாண்டு மாணவி

வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டில் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் படிக்கிறேன். கன்வல்யூஷன் கணக்கில், அதாவது இரு எண்தொடர்களைச் சேர்த்து மூன்றாவது தொடரைப் பெறும் கணக்கில், ஒரு தொடரைத் திருப்பிப் போட்டு, ஒவ்வோர் இடமாக நகர்த்தி, பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடுகிறது. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் எதற்காகத் திருப்புகிறோம் என்பது இன்னும் விளங்கவில்லை. அது விளங்காமலே வகுப்பு, தொடரை அதிர்வெண்களாகப் பிரிக்கும் டிஎஃப்டிக்குப் போய்விட்டதுதான் என் கவலை.

மறுமொழி: ஆய்வக ஆசிரியர்

சூத்திரத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, வெற்று மண்டபம் ஒன்றில் ஒருமுறை கைதட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தட்டிய ஒலி உடனே 1 என்ற அளவிலும், இரண்டு கணம் கழித்து எதிரொலியாக 0.5 என்ற அளவிலும் கேட்குமானால், அந்த மண்டபத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஒரே தட்டுக்கு அது தரும் பதில், 1, 0, 0.5. இப்போது 2, 4, 1 என்ற அளவுகளில் அடுத்தடுத்து மூன்று முறை தட்டுங்கள். ஒவ்வொரு தட்டும் தன் எதிரொலியைத் தனியே கொண்டுவர, எல்லாம் கூடி 2, 4, 2, 2, 0.5 எனக் காதில் விழும். இதுவரை நாம் எதையும் திருப்பவில்லை.

மூன்றாம் கணத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அப்போது தட்டிய 1 மண்டபத்தின் முதல் எண்ணோடும், இரண்டு கணம் முன்பு தட்டிய 2 அதன் கடைசி எண்ணாகிய 0.5-உடனும் பெருகுகின்றன, கூட்டினால் 2. புதிய தட்டு முதல் எண்ணோடும் பழைய தட்டு கடைசி எண்ணோடும் சேர்வதால், இரு தொடர்களும் எதிரெதிர்த் திசையில் அமைகின்றன. அவற்றைத் தாளில் நேருக்கு நேர் நிறுத்தவே ஒன்றைத் திருப்பி எழுதுகிறோம். மண்டபம் எதையும் திருப்புவதில்லை. இந்தக் கணக்கைக் கட்டாயம் கையால் போட்டுப் பாருங்கள்.

மாணவி

மிக்க நன்றி ஐயா, போட்டுப் பார்த்தேன், இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் அதே விடையை டிஎஃப்டி வழியே பெற, இரு தொடர்களுக்கும் மூன்று புள்ளி டிஎஃப்டி எடுத்து, பெருக்கி, தலைகீழ் டிஎஃப்டி செய்தால் 4, 4.5, 2 என்று வருகிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி: ஒலித்துறைப் பொறியாளர்

கணக்கில் தவறில்லை, இடம்தான் போதவில்லை. மூன்றும் மூன்றும் சேர்ந்தால் விடைக்கு ஐந்து இடம் வேண்டும். நீங்கள் மூன்றே இடம் கொடுத்ததால், மிஞ்சிய 2-உம் 0.5-உம் சுற்றி வந்து முதலிரண்டு எண்களின்மேல் ஏறிக்கொண்டன: 2 + 2 = 4, 4 + 0.5 = 4.5. இரு தொடர்களின் இறுதியிலும் இரண்டிரண்டு சுழியங்களைச் சேர்த்து ஐந்து புள்ளிக்குச் செய்தால் சரியான விடை வரும். 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட, டிஎஃப்டியை விரைவாகப் போடும் எஃப்எஃப்டி முறையில், 1,024 புள்ளி டிஎஃப்டிக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான பெருக்கல்கள் சுமார் 5,120 ஆகக் குறைவதால், நீண்ட ஃபில்டர்களை (ஒலியை மாற்றியமைக்கும் தொடர்களை) நாங்கள் இந்த வழியில்தான் கணக்கிடுகிறோம். அங்கே சுழியங்களை மறந்தால் ஒலியின் வால் அதன் தொடக்கத்திலேயே வந்து ஒலிக்கும்.

சாம்பிளிங் (அலையைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக்குதல்) பாடத்தில் படித்த ஆலியாசிங்கும், அதாவது ஓர் அதிர்வெண் வேறொன்றாகத் தோன்றுவதும், இதே கதைதான். வினாடிக்கு 8,000 சாம்பிள் எடுத்தால், 5,000 ஹெர்ட்ஸ் கொசைன் அலையும் 3,000 ஹெர்ட்ஸ் அலையும் 1, -0.707, 0, 0.707 என ஒரே எண்களைத்தான் தரும். அங்கே நேரத்தில் எடுத்த சாம்பிள்கள் போதாமல் அதிர்வெண் மடிகிறது. உங்கள் கணக்கில் அதிர்வெண்ணில் எடுத்த புள்ளிகள் போதாமல் நேரம் மடிந்திருக்கிறது.