ரைசன் 5 5600: பாக்ஸோட வர்ற கூலர் போதுமா, தனியா வாங்கணுமா?

நெல்லை_பில்டு:
வணக்கம் நண்பர்களே. ரைசன் 5 5600 சிபியு, பி550 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்ல முன்னாடி 2 ஃபேன், பின்னாடி 1. வேலை 1080பி கேம், அப்பப்போ வீடியோ ரெண்டர். அறையில ஏசி கிடையாது. சித்திரை, வைகாசி மதியத்துல உள்ளேயே 36–38 டிகிரி இருக்கும். பாக்ஸ்ல ரைத் ஸ்டெல்த் கூலர் இருக்கு. கடையில "டவர் கூலர் (தனியா விக்கற உயரமான கூலர்) கண்டிப்பா வேணும்"னு சொல்றாங்க. உண்மையிலேயே வேணுமா? போதலைன்னா எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

அலுமினியத்தகடு:
கேமுக்குத் தாராளமா போதும். ரெண்டருக்கு, உங்க அறைச் சூட்டுல, எல்லையில நிக்கும்.

65 வாட்னு பாக்ஸ்ல போட்டிருக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அது டிடிபி, கூலர் தேர்ந்தெடுக்கறதுக்காகக் கம்பெனி சொல்ற சூட்டு அளவு. 5600 இழுக்க அனுமதிச்சிருக்கற அளவு, அதாவது பிபிடி, 76 வாட். கேம்ல பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. ஆறு கோரும் முழுசா ஓடுற ரெண்டர்லதான் 76-ஐத் தொடும், கூலரோட பலம் தெரியற இடமும் அதுதான்.

ஸ்டெல்த் முழுக்க அலுமினியம். நடுவுல செம்பும் இல்லை, ஹீட்பைப்பும் (சூட்டைக் கடத்துற குழாய்) இல்லை. எந்தக் கூலரா இருந்தாலும் அறை வெப்பத்துக்கு மேல இத்தனை டிகிரின்னுதான் நிக்கும். 25 டிகிரி அறையில ரெண்டர் ஓடும்போது 77 காட்டுற சிபியு, அறை 38 ஆனதும் அதே லோடுல 90-ஐ ஒட்டி வந்துடும். 5600-க்கு ஏஎம்டி வெச்சிருக்கற உச்சவரம்பே 90 தான். ரிவ்யூக்கள்ல வர்ற எண்களைப் பார்க்கறப்போ, சோதனை நடந்த அறை எத்தனை டிகிரின்னு முதல்ல பாருங்க. அது ஏசி அறைன்னா உங்க கணக்குக்கு நேரா உதவாது.

90 தொட்டா சிபியு எரிஞ்சு போகாது, தானே கிளாக்கை, அதாவது ஓடுற வேகத்தை, குறைச்சுக்கும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

சோதனை இப்படிப் பண்ணுங்க. மதியம், கேபினெட்டை மூடி வெச்சு, வெப்பமும் வாட்டும் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்துட்டு, சிபியுவுக்கு முழு லோடு கொடுக்கற சினிபெஞ்ச் ஆர்23 மல்டி கோர் சோதனையை 10 நிமிஷம் ஓட்டுங்க. வெப்பத்தை மட்டும் பார்த்தா பத்தாது, பக்கத்துலயே சிபியு பிபிடி என்ன காட்டுதுன்னும் பாருங்க. 76 வாட் இழுத்துக்கிட்டே 85-க்குள்ள நின்னா கூலர்ல குறையே இல்லை. வெப்பம் 90-ல ஒட்டிக்கிட்டு, பிபிடி 76-ல இருந்து 68, 65னு இறங்கினா, கூலரால அதுக்கு மேல முடியலைன்னு அர்த்தம்.

அப்படி வந்தாலும் உடனே கடைக்குப் போகாதீங்க. பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்க. 5 டிகிரிக்கு மேல இறங்கினா சிக்கல் கேபினெட் காத்தோட்டத்துல. 3060 மட்டுமே 170 வாட் வரை சூட்டை உள்ளே தள்ளும். ஸ்டெல்த் அந்தக் காத்தைத்தான் உறிஞ்சுது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியா இருக்கற கேபினெட்னா இது ரொம்ப சகஜம்.

திருப்புளி:
அவர் சொன்னதோட, மாட்டின விதத்தையும் பாருங்க. புதுசா போட்ட கூலர் எடுத்த எடுப்புலயே 90 அடிக்குதுன்னா முக்கால்வாசி அதுதான் காரணம்.

ஏஎம்4 போர்டுல (5600 உட்கார்ற சாக்கெட் வகை) சாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு பிளாஸ்டிக் பிராக்கெட் இருக்கும். ஸ்டெல்த்துக்கு அது ரெண்டையும் கழற்றணும். கழற்றும்போது பின்னாடி இருக்கற பேக்பிளேட்டை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கங்க, இல்லைன்னா அது கீழ விழுந்துடும். கழற்றின பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பின்னால வாங்கற டவர் கூலர் பலதுக்கும் அது வேணும்.

கூலர் அடியில சூடு கடத்தற பேஸ்ட் பூசியே வரும். விரல் படக்கூடாது, மேல வேற பேஸ்ட்டும் வைக்க வேண்டாம். நாலு ஸ்குருவையும் முதல்ல ரெண்டு சுத்து மட்டும் பிடிக்க விட்டுட்டு, அப்புறம் குறுக்குக்குறுக்கா மாத்தி மாத்தி முறுக்குங்க. ஒரு பக்கத்தை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா கூலர் சாய்ஞ்சு, பேஸ்ட் ஓரமா ஒதுங்கிடும். ஸ்குரு தானா நிக்கும், அதோட விட்டுடணும்.

கழற்றறப்போ இன்னும் கவனம். பேஸ்ட் இறுகியிருந்தா, லீவரைத் திறக்காமலே சிபியு கூலரோட ஒட்டிக்கிட்டு சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வந்துடும், பின் வளைஞ்சுடும். 10 நிமிஷம் லோடு கொடுத்துச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, ஸ்குருவைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் லேசா திருகுங்க. பிடி விட்டதும் தூக்குங்க. ஒரு தடவை கழற்றிட்டா பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால துடைச்சுட்டு புதுசுதான் வைக்கணும்.

சத்தமில்லா_பிசி:
வெப்பத்துக்குப் போதும், சரி. சத்தத்துக்கு? வெயில் காலத்துல ரெண்டர் ஓடுற நேரம் முழுக்க ஸ்டெல்த் ஃபேன் உச்சத்துல கத்தும், பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. இவர் அறைக்கு நான் டவர் கூலர்தான் சொல்வேன். டீப்கூல் ஏஜி400 மாதிரி 4 ஹீட்பைப், 120 மிமீ ஃபேன் உள்ளது ஏறக்குறைய 2,000 ரூபாய்க்குள்ள அடங்கிடும். அதுக்கு மேல 5600-க்குச் செலவு பண்றது வீண். தண்ணிக் கூலர் பக்கமே போக வேண்டாம். ஏஜி400 உயரம் 150 மிமீ. கேபினெட் எவ்வளவு தாங்கும்னு பார்த்துட்டு வாங்குங்க.

அலுமினியத்தகடு:
சத்தம் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா காசு போடாமலே பாதி குறைக்கலாம். ரைசன்ல ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே வெப்பம் சட்டுனு ஏறி இறங்கும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். பயாஸ்ல (போர்டோட செட்டிங் திரை) ஃபேன் வேகத்தை 60 டிகிரி வரை ஒரே மட்டத்துல வெச்சு, ஸ்டெப்-அப் நேரத்தை, அதாவது ஃபேன் வேகம் ஏறறதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரத்தை, 2–3 வினாடி ஆக்கினா அந்த ஏத்த இறக்கம் நின்னுடும். அங்கேயே பிபிஓ-ங்கற பவர் செட்டிங்குக்குள்ள பிபிடியை 60 வாட்னு கையால கொடுத்தா ரெண்டர் வேகம் கொஞ்சம்தான் குறையும், வெப்பம் நல்லாவே இறங்கும். கோடைக்கு மட்டும் இப்படி வெச்சுக்கலாம். அதுவும் பத்தலைன்னா டவர் வாங்குங்க.

நெல்லை_பில்டு:
ரொம்ப நன்றி. முதல்ல சோதனை, அப்புறம் முடிவு. அண்ணனுக்கு இன்டெல் ஐ5-12400 சிபியு எடுக்கறோம், அதோட கூலருக்கும் இதே பதில்தானா?

திருப்புளி:
கிட்டத்தட்ட. அதுல வர்ற லாமினார் ஆர்எம்1-ல நடுவுல செம்பு உண்டு, 12400-க்குப் போதும். ஆனா அது டர்போவுல 117 வாட் வரை போகும், சில போர்டுகள் அந்த அளவை நேரக் கணக்கே இல்லாம விட்டுடும். பயாஸ்ல பிஎல்1 (தொடர்ந்து இழுக்கற அளவு) 65 வாட், பிஎல்2 (டர்போ அளவு) 117 வாட், டாவ் (டர்போவுக்கான நேரம்) 28 வினாடின்னு வெச்சுடுங்க. முதல் தடவை ஆன் பண்ணும்போது எந்தக் கூலர்னு போர்டு கேட்டா பாக்ஸ் கூலரையே தேர்ந்தெடுங்க.

சிக்கல் புஷ்-பின்ல, அதாவது அந்தக் கூலரை போர்டுல பிடிக்கற நாலு அழுத்துப் பின்ல. குறுக்கா ரெண்டு ரெண்டா, 'டிக்' சத்தம் வர்ற வரை அழுத்தணும். தலையில இருக்கற அம்புக்குறி கழற்றற திசையைக் காட்டுது, மாட்டும்போது அந்தப் பக்கம் திருகிடக் கூடாது. போர்டை கேபினெட்ல வைக்கறதுக்கு முன்னாடியே மாட்டி, திருப்பிப் பாருங்க: நாலு ஓட்டையிலயும் வெள்ளைக் கால் விரிஞ்சு, நடுவுல கருப்புப் பின் தெரியணும்.