இது எந்தக் கெப்ளரின் கையெழுத்து?

நண்பர்களே, 'பக்' என்ற அமெரிக்க நகைச்சுவை வார இதழில் ஜோசப் கெப்ளர் 1889-இல் வரைந்த 'செனட்டின் முதலாளிகள்' நடுப்பக்கக் கேலிச்சித்திரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பணமூட்டை வயிற்றோடு டிரஸ்ட் (சந்தையை மொத்தமாகப் பிடித்துவைத்த பெருநிறுவனக் கூட்டு) முதலாளிகள் செனட்டர்களுக்குப் பின்னால் மலைபோல் நிற்பார்களே, அந்தப் படம் என்றால் எனக்கு உயிர். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் ஒழுங்கற்று இருக்கின்றன, நடுவில் மடிப்பும் உண்டு. அதனால் இது பிற்கால நகல் அல்ல, கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய கல்லச்சுதான் என்று நம்புகிறேன்.

குழப்பம் கையெழுத்தில்தான். அச்சில் உள்ள பெயர் போக, ஓரத்தில் பென்சிலால் இன்னொரு 'கெப்ளர்' இருக்கிறது. 1894-இல் அப்பா இறந்தபின் மகன் யூடோவும் ஜோசப் கெப்ளர் என்று பெயரை மாற்றிக்கொண்டாரே! அப்பாவின் கையெழுத்தைக் கடிதத்திலோ மூல ஓவியத்திலோ பார்த்தவர்கள் தயவுசெய்து படம் போடுங்கள். அப்புறம், மடிப்பின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் டேப்பைத் தாள் கிழியாமல் எடுக்க வழி உண்டா?