சுரங்க விரிவாக்கம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர் சிமெண்ட் ஆலை சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்க அனுமதி கேட்கிறது. அதற்காக அடுத்த மாதம் நடக்கப்போகிற கருத்துக் கேட்புக் கூட்டத்துக்காக நமக்குள் இரண்டு மனு சுற்றுகிறது. ஒன்று ஆலையையே மூடச் சொல்கிறது. இன்னொன்று, மாசுக் கட்டுப்பாட்டு நிபந்தனை எதுவும் போடாதீர்கள், நம்ம பிள்ளைகளுக்கு வேலை போய்விடும் என்கிறது. நான் இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கத்தார் மாமா நேற்று போனில் கேட்டார், அதற்குப் பதில்தான் இது, கொஞ்சம் நீளும்.

அப்பா 22 வருஷம் பேக்கிங் பகுதியில் மூட்டை தூக்கியவர். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், காது மடல் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். தலைத்துண்டை வாசலிலேயே உதறிவிட்டு வரச் சொல்லி அம்மா சத்தம் போடுவார். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா கல்யாணம் நடந்தது, நான் பாலிடெக்னிக் படித்தேன். ஆலையை மூடு என்று என் வாயில் வராது. ஆனால் அதே அப்பா கடைசி ஆறு வருஷம் படுத்துத் தூங்கியதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் ராத்திரியைக் கழித்தார். மேற்குத் தெருக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஓட்டின்மேல் படிந்த தூசி ஒரு மழை பெய்தால் இறுகிவிடும், சுரண்டப் போனால் ஓடுதான் உடையும்.

இங்கே சிங்கப்பூரில் நான் ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்டில் இருக்கிறேன். எங்கள் லாரி போகிற கட்டுமானத் தளம் எதுவானாலும், வெளியே வரும்போது சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும். வாசலில் தண்ணீர்த் தொட்டி, குழாய், அதற்கென்றே இரண்டு ஆள். சேற்றோடு சாலைக்குப் போனால் அபராதம். நான் அடிக்கடி போகிற ஒரு தளத்தில் அந்த இரண்டு பேரில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர். அந்தக் குழாயைப் பிடித்துத்தான் தங்கச்சியைப் படிக்க வைக்கிறார். அவருக்கு அந்த வேலையைக் கொடுத்ததே சட்டம்தான். நம்ம ஊரில் சுண்ணாம்புக்கல் லாரி தார்பாய் கூடப் போடாமல் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு போகிறது.

சரி, நம்ம ஊரில் வேலை எதனால் குறைந்தது? மூட்டை நிரப்பவும் ஏற்றவும் இயந்திரம் வந்தது, நிரந்தர வேலை காண்ட்ராக்டர் கைக்குப் போனது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று வாய்ப்பேச்சாகச் சொன்னார்கள், கிடைத்ததோ தினக்கூலி. இதில் மாசுக் கட்டுப்பாட்டு விதி பறித்தது என்று ஒரு வேலையை யாராவது காட்டுங்கள், நான் இரண்டாவது மனுவில் கையெழுத்துப் போடுகிறேன்.

தூசியைக் கிட்டத்தட்ட முழுக்கப் பிடிக்கப் பை வடிகட்டி இருக்கிறது. பிடித்த தூசியும் சரக்குதான், திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். அதை எந்நேரமும் ஓடவிடுவதற்கு மின்சாரச் செலவும் பையை மாற்றுகிற செலவும் உண்டு, அவ்வளவுதான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் புகையின் நிறம் மாறுவதை ஊரே பார்க்கிறது.

கரியமில வாயு வேறு கதை. சூளையில் 1,450 டிகிரி வரை சூடு ஏற்றுகிறார்கள், அந்த வழியில் சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ வெந்தால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். என்ன எரிபொருள் போட்டாலும் கல்லிலிருந்து வருவதைத் தடுக்க முடியாது. சூளையில் வெந்து வருகிற கட்டிதான் கிளிங்கர், அதை அரைத்துத்தான் சிமெண்ட். அந்தக் கிளிங்கரைக் குறைப்பதுதான் கைக்கு எட்டுகிற வழி. அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு, சுட்ட களிமண் இவற்றைச் சேர்க்கலாம். நாங்கள் இங்கே கசடு கலந்துதான் பெரிய அடித்தளங்கள் போடுகிறோம். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டுக்கு இந்தியாவிலும் 2023இல் தர நிர்ணயம் வந்துவிட்டது. களிமண்ணைச் சுட, அரைக்க, சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். ஐடிஐ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற நம்ம பையன்களுக்கு அந்தப் பயிற்சியைக் கேட்போம்.

அப்புறம் அந்தக் குழி. இங்கே புக்கிட் பாத்தோக்கில் பழைய கருங்கல் குவாரி ஒன்று இப்போது ஏரியும் பூங்காவும். சாயங்காலம் பிள்ளைகளோடு போய் உட்காருவோம். நம்ம தெற்குக் காட்டில் கல் எடுத்து முடித்த குழிக்கு இன்றுவரை ஒரு முள்வேலி கிடையாது. மழைக்காலத்தில் நிலமும் தண்ணீரும் ஒரே மட்டமாகத் தெரியும், மாடு மேய்க்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். புதுக் குழி தோண்ட அனுமதி கேட்கிறவர்கள் முதலில் பழைய குழிக்கு வேலி போடட்டும். 2015 சுரங்கச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சுரங்கக்காரர்கள் மாவட்ட கனிம அறக்கட்டளைக்குப் பணம் கட்டுகிறார்கள். பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது. நம்ம ஊருக்கு என்ன வந்தது என்று மாவட்ட நிர்வாகத்திடம் கணக்கும் கேட்போம்.

மூன்றாவதாக ஒரு மனு எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆலை ஓடட்டும், ஆனால் மேலே சொன்னதெல்லாம் அனுமதியிலேயே நிபந்தனையாக வர வேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது. வாய்ப்பேச்சை இனி நம்பக்கூடாது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், எழுத்தில் கொடுப்பதும் பதிவாகும். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

கூட்டத்தில் எழுந்து வாசிக்க ஊரிலிருக்கிற ஒருவர் வேண்டுமே என்று கவலைப்பட்டேன். அம்மாவே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், ஊரில் இருக்கிற தம்பிகள் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.