விக்டோரியா பப்ளிக் ஹால்: நாடகத்துக்காகவே கட்டப்பட்டதா?

கேள்வி:
சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலைத் தமிழ் நாடகத்தின் தாய்வீடு என்று என் தாத்தா சொல்வார். ஆனால், வெளியிலிருந்து பார்க்கும்போது நாடகக் கொட்டகைக்குரிய அடையாளம் எதுவும் தெரியவில்லை. சதுரக் கோபுரத்தின் மேலுள்ள கூரையோ கேரளக் கோயில்களை நினைவூட்டுகிறது. இது நாடகத்துக்காகவே எழுப்பப்பட்டதா? அந்தக் கூரை இங்கே எப்படி வந்தது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நாடகத்துக்கென்று மட்டும் கட்டப்பட்டதன்று, ஐயா. நகர மக்கள் கூடுவதற்கொரு பொது மண்டபம் வேண்டும் என்ற எண்ணத்தில், 1883 டிசம்பரில் ஆந்திரத்து விஜயநகரம் சமஸ்தான மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு இதற்கு அடிக்கல் நாட்டினார். விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா 1887இல் வந்ததால் அவர் பெயரே நிலைத்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றியதும் இங்கேதான்.

ஆயினும் தங்கள் தாத்தா சொன்னது பொய்யன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை தன் நாடகங்களை இங்கே மேடையேற்றியது. கூத்தாடுவது இழிவு என்று படித்த குடும்பங்கள் கருதிய காலத்தில், வழக்கறிஞரான அவரும் அவரைப் போன்ற படித்தவர்களும், பெரியோர் சொற்பொழிவாற்றும் அதே மண்டபத்தில் வேடம் கட்டி நடித்தது நாடகத்துக்கே ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. இந்தக் கட்டடம் செய்த மிகப் பெரிய தொண்டு இதுவே என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2:
கூரையைப் பற்றிச் சொல்கிறேன். இதை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் திருவனந்தபுரத்தில் 1880இல் நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகத்தையும் வடிவமைத்தவர். கேரளத்துச் சரிவுக் கூரைகளோடு அங்கே நெருங்கிப் பழகிய கை, இங்கே இத்தாலியச் சாயல் கொண்ட கோபுரத்தின் தலையில் திருவிதாங்கூர் பாணிக் கூரையைக் கவிழ்த்தது. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றமும் எழும்பூர் மியூசியம் தியேட்டரும் அவர் கட்டியவையே. அடுத்த முறை செல்லும்போது, செங்கல் சுவரின் மேல்விளிம்பில் ஓடும் சுடுமண் அலங்காரப் பட்டையையும் பாருங்கள். அரபு எழுத்து வரிகளைப் போலவே தோன்றும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உள்ளே எத்தனை பேர் அமரலாம்?

பதில் 2:
கீழ்த்தளத்திலும் மாடியிலும் ஒவ்வொரு கூடம் உண்டு. ஒவ்வொன்றிலும் 600 பேருக்கு மேல் அமரும்படி அமைத்தார்கள். கிழக்குக் கோடியில் மரத்தாலான கேலரி ஒன்றும் இருந்தது; அதில் மட்டும் 200 பேருக்கு மேல் உட்காரலாம்.