தைக்கோ முழக்கத்தை நேரில் கேட்டவர்கள்: நபுனே, சான் ஹோசே, நானிவா

கனசாவாவில் வசிக்கும் உறுப்பினர்:

பெரிதும் சிறிதுமான முரசுகளை வரிசையாக நிறுத்திப் பலர் கூடி முழக்கும் தைக்கோ என்னும் ஜப்பானிய முரசிசையை மேடையிலோ காணொளியிலோ நம்மில் பலரும் பார்த்திருப்போம். பார்ப்பதற்குத் தொன்மையாகத் தோன்றினாலும் அந்த வடிவத்துக்கு வயது குறைவு. ஜாஸ் குழுக்களில் டிரம் வாசித்து வந்த ஒகுச்சி தாய்ஹாச்சி என்பவர், 1951-இல் நாகானோ மாகாணத்தின் சுவா பகுதியில், கோயில் முரசுகளை ஒன்றுதிரட்டி ஆளுக்கொரு தாளப் பங்கைப் பிரித்துக் கொடுத்தபோதுதான் அது உருவானது. அதற்கு முன்பு தைக்கோ ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. அடிக்கும் முறையும், அடிக்கும் நாளும், அதற்குச் சொல்லப்படும் கதையும் அந்தந்த ஊரோடு சேர்ந்தவை. அப்படி ஓர் ஊருக்கே உரிய கோஜின்ஜோ தைக்கோவை, கனசாவாவுக்கு வடக்கே உள்ள நோட்டோ தீபகற்பத்தில் பார்த்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர விரும்புகிறேன்.

வாஜிமா நகரத்தைச் சேர்ந்த நபுனே ஒரு சிறிய கடலோரக் குடியிருப்பு. 1576-ஆம் ஆண்டு உயெசுகி கென்ஷின் என்ற போர்த்தலைவரின் படை நோட்டோவுக்குள் புகுந்து நெருங்கி வந்தபோது, போரிட ஆயுதம் ஏதுமில்லாத ஊரார் மரப்பட்டையில் முகமூடி செய்து, கடற்பாசியைத் தலைமுடியாகத் தொங்கவிட்டுக்கொண்டு, இருளில் முரசறைந்தபடி எதிர்கொண்டு போனார்கள் என்பது ஊர் வழக்கு. வந்திருப்பவை மனிதர்களா பேய்களா என்று தெரியாமல் படை பின்வாங்கியதாம். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஆர்வமில்லை. நானூற்றைம்பது ஆண்டுகளாக ஓர் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கு இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

முதன்முறை பார்த்தது வாஜிமாவில் பயணிகளுக்காக நடத்தப்பட்ட ஒரு மாலை நிகழ்ச்சியில். மேடையில் இருந்தது ஒரே ஒரு முரசு. ஒருவர் அடிப்படைத் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, கிழவன், பேய், ஆவி என ஒவ்வொரு முகமூடிக்காரராக முன்னால் வந்து, அடிப்பதற்கு முன் கைகளை விரித்து, தலையைச் சிலுப்பி, உறைந்தது போல் ஒரு நிலையில் நின்று, பிறகே முரசில் இறங்கினார்கள். மெதுவாகத் தொடங்கிய அடி நடுவேகத்துக்கு வந்து, இறுதியில் கண்ணால் தொடர முடியாத விரைவை எட்டியது. என் அருகில் அமர்ந்திருந்த ஒரு குழந்தை வீரிட்டு அழுததைப் பார்த்த முகமூடிக்காரர் ஒருவர் மேடையின் விளிம்புக்கே வந்து இன்னும் பயமுறுத்தினார், அரங்கம் சிரித்தது. இந்த முரசை நபுனேக்காரர்கள் மட்டுமே அடிக்கலாம் என்பது மரபு. வெளியாருக்குக் கற்றுக்கொடுக்காவிட்டால் கலை அழிந்துவிடாதா என்று பக்கத்தில் இருந்த முதியவரிடம் கேட்டேன். "ஆண்டுதோறும் ஜூலை 31 இரவில் நபுனே திருவிழாவுக்கு வாருங்கள், அங்கே சிறுவர்கள் அடிப்பதைப் பாருங்கள்" என்பதுதான் அவர் தந்த பதில்.

2024 ஜனவரி 1 அன்று 7.6 அளவிலான நிலநடுக்கம் நோட்டோவைச் சிதைத்தது. கடலோரச் சாலை சரிந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளம் வேறு. மக்கள் பலர் தெற்கே இடம்பெயர்ந்தார்கள். அதன் பிறகு கனசாவாவில் ஒரு நிகழ்ச்சியில் கோஜின்ஜோ தைக்கோவை மீண்டும் பார்த்தேன். முகமூடியும் அடியும் முன்பு பார்த்தவைதாம், ஆனால் எனக்குப் பின்னால் நின்றிருந்த நோட்டோ முதியவர்கள் இந்த முறை அடிப்பவர்களை வீட்டுப் பெயர் சொல்லி உரக்க அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அமெரிக்காவின் சான் ஹோசேயில் வசிக்கும் உறுப்பினர்:

ஊரை விட்டுப் பெயர்ந்தவர்களின் தைக்கோ என்றால் நான் இங்கே கேட்பதும் அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை அரசு முகாம்களில் அடைத்தது. திரும்பி வந்த தலைமுறை அதைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் தலைமுறை முரசைக் கையில் எடுத்தது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவிலும், 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸின் பௌத்தக் கோயில் ஒன்றில் கின்னரா குழுவாகவும் (ஆம், நம் கோயில் சிற்பங்களில் வரும் கின்னரர்களேதாம்), 1973-இல் எங்கள் ஊரிலும் குழுக்கள் தோன்றின. ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் ஜப்பானிய முரசை வாங்கப் பணமில்லாததால், பழைய மதுப் பீப்பாய்களில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டித் தாங்களே செய்துகொண்டார்கள்.

நான் சேர்ந்த சிறு வகுப்பில் தொடக்கநிலையாளர்களுக்கு முரசு கிடையாது. ஒட்டுநாடா சுற்றிய பழைய கார் டயர்களில்தான் பயிற்சி. அடிப்பதற்கு முன் "தோன், தொக்கோ, தோன், கா" என்று வாயால் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் மிருதங்கச் சொற்கட்டுகளை ஒப்பித்த எனக்கு அது எளிதாக வந்தது. கால்களை அகட்டி இடுப்பைத் தாழ்த்தி நிற்பதுதான் வரவில்லை.

இங்கே என்னை மிகவும் பாதித்தது பிஜே ஹிராபயாஷி என்ற தைக்கோ கலைஞர் உருவாக்கிய 'ஏ ஜா நாய் கா' என்னும் ஆட்டம். முதல் தலைமுறைக் குடியேறிகள் இருப்புப்பாதையிலும் சுரங்கத்திலும் வயலிலும் செய்த வேலையே அதன் அசைவுகள். கோடையில், முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விழாவில் தெருவை அடைத்து அதை ஆடும்போது, மண்வெட்டியைத் தூக்கும் அசைவில் எனக்கு அருகே ஆடிய எண்பது வயதுப் பாட்டி, "என் தகப்பனார் இப்படித்தான் குனிவார்" என்றார். மேடைக் குழுக்களின் துல்லியத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்தத் தெருவில் பாதிப்பேர் தாளம் தப்பி ஆடும் ஆட்டத்தையே விரும்புகிறேன்.

ஒசாகாவில் பணிபுரியும் உறுப்பினர்:

நண்பர்கள் இருவரும் அடிப்பவர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். செய்பவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஒசாகாவின் நானிவா வட்டாரம் பல தலைமுறைகளாகத் தோல் பதனிடும் தொழிலுக்கும் முரசு செய்வதற்கும் பெயர்பெற்றது. செத்த விலங்கின் தோலைத் தொடுபவர்கள் என்பதற்காகவே அந்த மக்கள் புராக்கு என்று ஒதுக்கப்பட்டார்கள். 1871-இல் சட்டம் அந்தப் பிரிவை நீக்கிய பிறகும் திருமணத்திலும் வேலையிலும் பாகுபாடு நீடித்தது. கோயில் விழாவில் முழங்கும் முரசு அவர்கள் கையால் ஆனது, விழாவிலோ அவர்களுக்கு இடமில்லை. 1987-இல் அந்த வட்டாரத்து இளைஞர்கள் 'இகாரி', அதாவது சினம், என்ற பெயரில் தாங்களே தைக்கோ குழு அமைத்தார்கள்.

ஒரு பட்டறையில் தோல் இழுக்கும் வேலையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஈரத்தோலைக் கயிறுகளால் சுற்றிலும் பூட்டி இறுக்கியபின், கைவினைஞர் முரசின் மேல் ஏறி நின்று கால்களால் மிதித்து மிதித்துத் தோலை நீட்டினார். இறங்கி அடித்துக் கேட்டார், மீண்டும் ஏறினார். மனத்துக்கு நிறைவான ஒலி வந்த பின்பே ஆணி அறைந்தார். நம் ஊரில் பறையை இழிவின் அடையாளமாக்கியதையும், பிறகு அதே பறையை உரிமைக்குரலாக மேடையேற்றியதையும் அறிந்தவன் என்பதால் அவரிடம் அதைச் சொன்னேன். அவர் பறையின் தோல் எந்த விலங்குடையது, தீயில் எவ்வளவு நேரம் காய்ச்சுவார்கள், ஈரநாளில் என்ன செய்வார்கள் என்று கேட்கத் தொடங்கினார். எனக்குப் பாதிக்கு விடை தெரியவில்லை. பறை கட்டும் வேலை தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் விளக்கமாக எழுதுங்கள், மொழிபெயர்த்து அவரிடம் கொண்டு சேர்க்கிறேன்.