முயல் கைப்பாவை மூன்று விரலுக்குத்தான் ஆகிறது. எங்கே தப்பு செய்தேன்?

குண்டூசி எழுதியது:

கம்பளி இழையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து ஃபெல்ட் பொம்மை செய்ய இப்போதுதான் பழகுகிறேன். தையலும் வராது, பின்னலும் வராது. கையும் சோப்பும் போதும் என்றார்கள், துணிந்துவிட்டேன். அக்கா மகளுக்குக் கதை சொல்ல ஒரு முயல், அவ்வளவுதான் ஆசை.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளந்தால் என் கை 15 செ.மீ. அகலம். 30 சதவீதம் சுருங்கும் என்று கேள்விப்பட்டதால் அதைக் கூட்டி, 19.5 செ.மீ. அகலத்தில் பபிள் ராப்பில் அச்சு வெட்டினேன். அதன் இரண்டு பக்கமும் மெரினோ ஆட்டுக் கம்பளியைப் பரப்பி, சுடுதண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தேய்த்தேன்.

வந்தது என்ன? மூன்று விரல்தான் நுழைகிறது. இரு ஓரத்திலும் துடுப்பு மாதிரி ஒரு வரம்பு. ஒரு காது, சும்மா பிடித்துப் பார்த்ததற்கே கையோடு வந்துவிட்டது. முயலா மீனா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நூல்கண்டு எழுதியது:

முதல் சறுக்கல் கணக்கில். சுருக்கம் அச்சின் அளவிலிருந்து போகும், கையின் அளவிலிருந்து அல்ல. 19.5-இல் 30 சதவீதம் போனால் 13.65தான் மிச்சம். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 15-ஐ 0.7-ஆல் வகுத்தால் 21.4. ஃபெல்ட்டின் தடிமனுக்கும் கை உள்ளே அசைவதற்கும் சேர்த்து 23 வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் யானையும் இதே கணக்கில்தான் போனது. இப்போது என் கண்ணாடிக்கு உறையாக இருக்கிறது, தும்பிக்கையோடு.

30 என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. மெல்லிசாகப் பரப்பினால் இன்னும் சுருங்கும். அதே கம்பளியை 10 செ.மீ. சதுரமாகப் பரப்பித் தேய்த்து அளந்து பாருங்கள். அதுதான் உங்கள் கணக்கு.

துடுப்பு வந்தது ஓரத்தை மடித்த விதத்தால். ஒரு பக்கம் பரப்பும்போது இழை அச்சுக்கு வெளியே ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அச்சுக்கு மேல் இருப்பதை மட்டும் நனைத்து அமுக்குங்கள். நீட்டியது காய்ந்தே இருக்கணும். அச்சைத் திருப்பிப் போட்டு, அந்தக் காய்ந்த விளிம்பை இறுக்கமாக உள்ளே மடித்து, அதன் மேல் அடுத்த பக்கத்தைப் பரப்புங்கள். ஒரு அடுக்கு நெடுக்கே, அடுத்தது குறுக்கே. ஓரத்தில் தேய்க்கும்போது கை எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கிப் போகட்டும். வெளியே தள்ளினால் தளர்ந்து நிற்கும் இழைகள் தமக்குள்ளேயே பின்னிக்கொள்ளும். உங்கள் துடுப்பு அதுதான்.

இரண்டு விரலால் மேல்பரப்பைக் கிள்ளித் தூக்குங்கள். இழை தனியாக எழும்பினால் இன்னும் தேய்க்கணும், மொத்தமும் சேர்ந்து எழும்பினால் சரி. உள்ளே அச்சு சுருண்டு மடங்கத் தொடங்கும்போது அடிப்பக்கத்தை வெட்டி அதை எடுத்துவிடலாம். வெட்டிய விளிம்பைச் சோப்பு விரலால் தேய்க்காமல் விட்டால் பிசிறடிக்கும். அப்புறம் பையைத் திருப்பி, ஓரத்து வரம்பு நடுவில் வருகிற மாதிரி வைத்துத் தேயுங்கள். பெரும்பாலும் அமுங்கிவிடும்.

காதைத் தனியாகச் செய்யும்போது, உடம்போடு பின்னிக்கொள்ள அடிப்பாகத்தைத் துடைப்பம் மாதிரி காய்ந்த இழையாகவே விட்டீர்களா?

சோப்புநுரை எழுதியது:

அந்தக் காது என்ன கம்பளி என்று முதலில் கேளுங்கள்!

குண்டூசி எழுதியது:

துடைப்பம் மாதிரி விட்டேனே, நூல்கண்டு அக்கா. சோப்புநுரை கேட்ட பிறகுதான் உறைக்கிறது: காதுக்கு இளஞ்சிவப்பு வேண்டும் என்று பின்னல் நூலைப் பிரித்துப் போட்டேன். உறையில் ‘மெஷினில் துவைக்கலாம்’ என்று இருந்தது. நல்ல நூல் என்று பெருமை வேறு.

சோப்புநுரை எழுதியது:

அதேதான். கம்பளி இழைமேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூட்டிலும் ஈரத்திலும் தேய்க்கத் தேய்க்க அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்பி வரமுடியாமல் போவதுதான் ஃபெல்ட். மெஷினில் சுருங்கக் கூடாது என்று அந்த நூலில் செதிலைக் கரைத்திருப்பார்கள், அல்லது மேலே பூச்சுப் போட்டிருப்பார்கள். கம்பளியே இல்லாத அக்ரிலிக் என்ற செயற்கை நூலாக இருந்தால் செதிலே கிடையாது. எவ்வளவு தேய்த்தாலும் கைதான் வலிக்கும்.

இப்போதைக்கு அந்தக் காதை ஊசிநூலால் தைத்துவிடுங்கள். உடம்பு ஏற்கெனவே இறுகிவிட்டதால் வேறு நல்ல கம்பளிக் காது செய்தாலும் தண்ணீரால் மட்டும் ஒட்டாது. சின்னப் பிள்ளை என்றால் கண்ணுக்கு மணி வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கறுப்பு நூலில் இரண்டு தையல் போதும்.

குண்டூசி எழுதியது:

தையல் வராது என்று சொன்னவளுக்குத் தையல் வேலை! காது கொஞ்சம் பின்பக்கமாகப் போய்விட்டது, ஓடுகிற முயல் மாதிரி இருக்கிறது. துடுப்பு ஒரு பக்கம் அமுங்கிவிட்டது, மறுபக்கம் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. எனக்கு மூன்று விரல், ஆனால் அக்கா மகளுக்கு முழுக் கையும் நுழைகிறது. அவள் திருப்பித் தருவதாக இல்லை. 23 செ.மீ. அச்சு வெட்டியாயிற்று, இந்த முறை எல்லாம் மெரினோ. அவள் மீன்தான் வேண்டும் என்கிறாள்.