மறுமொழி: உமிழ்வு 'டிரைவர்': ஓட்டுநர், காரணி, உந்துகாரணி… ஏவுகாரணம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கரியமிலவாயு உமிழ்வைக் கூட்டும் அல்லது குறைக்கும் காரணங்களை ஆங்கில அறிக்கைகள் 'டிரைவர்' (driver) என்கின்றன. அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்று இங்கே நடக்கும் பேச்சில், நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'காரணி' என்றே எல்லாரும் எழுதுகிறோம், படிப்பவருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, இதற்குப் பதில் சொல்லும் முன் போன ஞாயிறு மும்பையை ஒட்டிய களம்போலியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சந்தையை ஒட்டி நம் ஊர் லாரிகள் நிற்கும் இடம் அது. தொழிற்சாலையும் போக்குவரத்தும் எந்த வட்டாரத்தில் எவ்வளவு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன, ஏன் என்று விளக்கும் ஒரு துண்டறிக்கையின் தமிழாக்கம் சரிபார்ப்புக்காக என்னிடம் வந்திருந்தது. நாமக்கல்காரர் ஒருவர் அதை வாங்கிப் படித்தார். 'உமிழ்வின் முக்கிய ஓட்டுநர்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்த வேண்டும்' என்ற வரி வந்ததும் அதன்மேல் விரலை வைத்தபடி நிமிர்ந்து, "எங்களையாண்ணே சொல்றாங்க?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் இரண்டு நாளாக அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனிதர் அவர்.

அவர் வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கிறதாம். நாமக்கல்லிலிருந்து இங்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், அதாவது 300 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு. ஆக ஒரு நடைக்கு 800 கிலோ. காலி வண்டியாகத் திரும்பினால் டீசல் கொஞ்சம் குறையும், ஆனால் அந்தப் புகையால் யாருக்கும் ஒரு மூட்டைகூட வந்து சேராது. புகை விடுவது அவர் வண்டிதான். விடவைப்பது சரக்குக்கான தேவை, வாடகை, டீசல் விலை, ரயிலில் போகவேண்டிய சரக்கு சாலைக்கு வந்தது, திரும்பும் வழியில் லோடு இல்லாதது. டிரைவர் என்று மூல அறிக்கை சொல்வது இவற்றைத்தான்.

இப்போது 'காரணி'க்கு வருகிறேன். மேலே எழுதிய 2.7 கிலோ என்ற எண்ணுக்கே ஏற்கெனவே 'உமிழ்வுக் காரணி' என்று பெயர் இருக்கிறது. மின்சாரத்துக்கும் அப்படித்தான்: நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. இவை கணக்குப் போடப் பயன்படும் பெருக்கெண்கள். டிரைவரையும் காரணி என்றால் 'உமிழ்வுக் காரணி உயர்ந்தது' என்ற வரிக்கு இரண்டு பொருள் வந்துவிடும். நிலக்கரி மோசமாகிவிட்டதா, லாரி ஓட்டம் கூடிவிட்டதா? ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது படிப்பவர் பாவம்.

வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைப் பாடம் நினைவிருக்கிறதா? கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது: ஏவுதற் கருத்தா. தச்சனால் கட்டில் செய்யப்பட்டது: இயற்றுதற் கருத்தா. கரிகாலன் கல் சுமக்கவில்லை, ஆனாலும் அணை அவன் பேரில்தான் நிற்கிறது. செய்பவர் வேறு, செய்யவைப்பவர் வேறு என்று பள்ளிப் பிள்ளைக்கே சொல்லித்தரும் மொழி இது. உமிழ்வைப் பேசும்போது மட்டும் நாம் ஏன் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும்?

அதனால் என் முன்மொழிவு: புகையை விடவைப்பதற்கு ஏவுகாரணம். புகை வெளியாகும் இடத்துக்கு உமிழிடம்.

வட்டார வேறுபாட்டை எழுத இந்த இணை எவ்வளவு உதவுகிறது என்று மும்பையை வைத்தே பார்க்கலாம். இங்கே புறநகர் ரயில் 1925 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது. குர்லாவில் ஏறும் யார் கண்ணுக்கும் புகை தெரியாது. ஆனால் மாநில மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. மாநிலத்தின் கிழக்கே விதர்பாவின் சந்திரப்பூரில் மட்டும் 2,920 மெகாவாட் அனல்மின் நிலையம். நிலக்கரி அங்கேயே கிடைக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் கிடைப்பதால் சிமெண்ட் ஆலைகளும் அங்கே உள்ளன. சிமெண்டில் இன்னொரு சிக்கல்: எந்த எரிபொருளைப் போட்டாலும் கல்லே வாயுவை விடும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயு. வரைபடத்தில் சந்திரப்பூர் கறுப்பாகத் தெரியும், மும்பை வெளுப்பாகத் தெரியும். உமிழிடம் சந்திரப்பூர், ஏவுகாரணத்தில் ஒரு பங்கு இங்கே எழும் நாற்பது மாடிக் கட்டடம். செம்பூரில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளின் சுடர் தெரிகிறது, ஆகவே எங்கள் பேட்டையில் இதைச் சொன்னால் உடனே புரிகிறது. ஆலை கண்ணில் படாத பாந்திராவில் இருப்பவருக்கும் புரியவைக்க இந்தச் சொல் வேண்டும்.

> ஏவல் என்றால் பில்லி சூனியம் நினைவுக்கு வருமே?

வரலாம், அம்மா. ஆனால் ஏவுகணையும் ஏவுதளமும் தினசரியில் வந்து பழகிவிட்டன.

> டிரைவர் சில சமயம் உமிழ்வைக் குறைக்கவும் செய்யும். 'ஏவு' அதற்குப் பொருந்துமா?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். ஜப்பானியப் பொருளியலாளர் கயாவின் சமன்பாட்டில் நாலு உறுப்புகளைப் பெருக்கினால் மொத்த உமிழ்வு வரும்: மக்கள்தொகை, தலைக்கு வருமானம், வருமானத்துக்கு ஆகும் ஆற்றல், ஆற்றலுக்கு ஆகும் கரிமம். முதல் இரண்டும் இங்கே ஏறுகின்றன. பின்னிரண்டும் இறங்கினால் மொத்தத்தை இழுத்துப் பிடிக்கும். 'செய்' என்பது ஏவல் என்றால் 'செய்யாதே' என்பதும் ஏவல்தான், எதிர்மறை ஏவல். ஆகவே ஏற்றும் ஏவுகாரணம், இறக்கும் ஏவுகாரணம் என்று அடைகொடுத்து எழுதலாம். 'உந்துகாரணி' இங்கேதான் தடுமாறுகிறது. கீழே இழுப்பதை உந்துவது என்று எப்படிச் சொல்வது?

துண்டறிக்கை வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: 'உமிழ்வின் முக்கிய ஏவுகாரணங்களைக் கண்டறிந்து, அவை எந்த உமிழிடங்களில் புகையாகின்றன என்று பார்க்க வேண்டும்.' மாற்றம் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். ஞாயிறு மறுபடி களம்போலி போகிறேன். அந்த அண்ணனுக்கு லோடு கிடைத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் அவரிடமே முதலில் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து